காட்சியும் கடனும்

மலையைக் காண வேண்டும் என்ற விருப்பம் மனிதனுக்கு இயல்பானது. சமவெளியில் பிறந்தவனுக்கு அது இன்னும் மிகுதி. நாம் வாழும் சிங்கப்பூர்த் தீவிலோ மலையென்று பெயர் சொல்லத்தக்கது புக்கித் தீமா ஒன்றே. அதன் உயரமும் ஏறக்குறைய 164 மீட்டர்தான். ஆதலின் இங்குள்ள தமிழன் கையில் நாலு காசு சேர்ந்ததும் இமயத்தைக் காணப் புறப்படுவதில் வியப்பில்லை; குற்றமும் இல்லை. ஆனால், குற்றமில்லாத ஒரு செயலிலும் கடமை உண்டா என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமானது கிராஞ்சியில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டறைக்கு அருகிலுள்ள ஒரு காப்பிக் கடை. தோழர் அறுவர் அங்கே கூடி, இமயமலைச் சாரலில் உள்ள உத்தராகண்டத்திற்குப் பிரயாணத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தோம். டெல்லி வரை விமானம்; பின் ஹரித்துவாரம், ரிஷிகேசம்; அப்பால் அளகநந்தையின் கரை வழியே தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, ஜோஷிமடம்; இடையில் கேதாரம்; திரும்புங்கால் லான்ஸ்டவுன் என்னும் மலைநகர். மாதம் ஜூன், ஏனெனில் அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. தோழர் ஒருவரின் தாயாரும் உடன் வருவதாக ஏற்பாடு. எழுபது வயதைக் கடந்த அவ்வம்மையாருக்குக் கேதாரத்தைக் காண வேண்டுமென்பது நெடுநாள் ஆசை.

பக்கத்து மேசையில் இருந்த முதியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, மூட்டை முடிச்சையெல்லாம் யார் தூக்குவது?" என்றார்.

"அதற்கென்ன ஐயா, அங்கே ஆள் கிடைக்கும்" என்றார் எங்களில் ஒருவர்.

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்களைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள் தம்பி. நான் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். விருந்தாளிகள் காரில் வருவார்கள். மலையைப் பார்ப்பார்கள், பச்சையைப் பார்ப்பார்கள், கூடையோடு நிற்கும் எங்கள் அம்மாவையும் சேர்த்துப் படம் பிடிப்பார்கள். அந்தப் படம் எந்தச் சீமை வீட்டுச் சுவரிலோ தொங்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை."

அவர் கோபித்துச் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். எங்கள் திட்டத்தாள் மட்டும் மேசைமேல் கிடந்தது.

நேயர்களே, தோட்டத்துத் தமிழர்க்கு இச்சொற்களை விளக்க வேண்டுவதில்லை. காட்டை அழித்துக் கொழுந்து நட்டவர் நம்மவர்; அட்டைக் கடியில் நின்று சரிவுகளைப் பச்சையாக்கியவர் நம்மவர். அப்பச்சையைக் கண்டு வியந்த கண்களுக்கோ நம்மவரும் செடியோடு செடியாகவே தோன்றினர். பட்டணத்துத் தமிழர்க்கும் இது புதிதன்று. கிராஞ்சி வட்டாரத்து விடுதிகளில் தங்கி, வைகறையில் லாரி ஏறிச் செல்லும் தமிழகத்துக் கட்டடத் தொழிலாளி எழுப்பிய கோபுரங்களைத்தான் வெளிநாட்டார் வந்து அண்ணாந்து பார்க்கின்றனர். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. அங்ஙனமிருக்க, பிறரால் வெறுங்காட்சியாகப் பார்க்கப்பட்ட ஒருவன், தன் முறை வரும்போது மற்றொருவனை வெறுங்காட்சியாகப் பார்க்கலாமா? இதுவே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட நாங்கள் இமயம் வரை போக வேண்டியிருக்கவில்லை. கிராஞ்சியிலேயே ஒரு குன்றின்மேல் போர் நினைவகம் இருக்கிறது. 4,400க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கடந்து மேலே ஏறினால், கல்லறையும் கிடைக்காமல் மாண்ட 24,000க்கு மேற்பட்ட போர்வீரரின் பெயர்களைத் தாங்கிய சுவர்கள் நிற்கின்றன. 1957ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அந்நினைவகத்தில் இந்தியப் படையினரின் பெயர்கள் ஏராளம். அவற்றுள் ஒரு பகுதி கடுவால் துப்பாக்கிப் படையினருடையது. கடுவால் என்பது நாங்கள் அழகு காணச் செல்லத் திட்டமிட்ட அதே மலைநாடு! 1887ஆம் ஆண்டு முதல் அப்படையின் தலைமையிடமாக விளங்குவது நாங்கள் திரும்பும் வழியில் குறித்து வைத்திருந்த அதே லான்ஸ்டவுன்!

1942ஆம் ஆண்டு ஜனவரியில், மூவார் ஆற்றங்கரையில், போர்ப் பயிற்சியும் முற்றுப்பெறாத கடுவால் இளைஞர்கள் ஜப்பானியப் படையை எதிர்த்து நின்று பெருந்தொகையாக மடிந்தனர். பனிமலையில் ஆடு மேய்த்தும் படிக்கட்டு வயலில் தினை விதைத்தும் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், ரப்பர்க் காட்டின் நடுவே, பெயர் தெரியாத ஆற்றங்கரையில் வீழ்ந்தனர். அடுத்த மாதம் ஜப்பானியர் இக்கிராஞ்சிக் கரையிலேயே இறங்கினர். பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அம்மலைமக்கள் நம் நாட்டிற்கு வந்தது இயற்கைக் காட்சி காண அன்று. நாமோ அவர்கள் நாட்டிற்குக் காட்சி காணப் போகிறோம்; நம் வீட்டு வாயிலில் அவர்கள் பெயர் பொறித்திருப்பதை அறியாமலே போகவிருந்தோம்.

அப்படையைப் பற்றி இன்னுமொரு செய்தியும் அறியத்தக்கது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பெஷாவர் நகரில், ஆயுதமற்ற மக்கள் கூட்டத்தின்மேல் சுடுமாறு கட்டளை பிறந்தபோது, சந்திரசிங் கடுவாலி என்பவரும் அவருடன் இருந்த கடுவால் வீரரும் சுட மறுத்தனர். அவர்கள் இந்துக்கள், எதிரே நின்றவர் முஸ்லிம்கள். மறுத்ததற்காகச் சந்திரசிங் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தார். எதிரே நிற்பவனைக் குறியாகக் காணாமல் மனிதனாகக் கண்ட கண் அது. மலைக்குப் போகும் நாம் கற்கவேண்டியதும் அந்தப் பார்வையே.

இனிச் சுமைக்கு வருவோம். கூலி என்பது நம் தமிழில் உழைப்பிற்கு உரிய விலை. பிறர் வாயில் அது உழைப்பவனின் பெயராயிற்று. மலையாவிலும் இலங்கையிலும் அப்பெயரின் கொடுமையை அனுபவித்தோம். ஆனால் இமயச் சாரலில் அச்சொல் அடைந்த கதி இதனினும் விந்தையானது. வெள்ளையர் ஆட்சியில் அங்கே 'கூலி பேகார்' என்றொரு வழக்கம் இருந்தது. அதிகாரிகளும் வேட்டைக்காரரும் பிரயாணிகளும் மலைவழி செல்லும்போது அவர்தம் மூட்டைகளைக் கிராமத்தார் சுமந்தாக வேண்டும், கூலி கிடையாது! யார் எப்போது சுமக்க வேண்டுமென்பதற்குக் கிராமத் தலைவரிடம் பதிவேடு இருந்தது. கூலி பெறாதவனுக்குக் கூலி என்று பெயர். 1921ஆம் ஆண்டு ஜனவரியில், பாகேசுவரத்தில் உத்தராயணத் திருவிழாவிற்குத் திரண்ட மக்கள், பத்ரிதத்த பாண்டே முதலியோர் முன்னிலையில், அப்பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். இனிச் சுமக்கமாட்டோம் என்று உறுதி பூண்டனர். வழக்கம் ஒழிந்தது.

நம்மிடத்தும் ஒரு பழம்பெருமை உண்டு. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கண்ணகி சிலைக்குக் கல்லெடுத்து, அதைக் கனகன், விசயன் என்னும் வடநாட்டு மன்னர் தலையில் ஏற்றிவந்த கதையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அதைச் சொல்லிச் சொல்லி மார்தட்டி வளர்ந்தோம். கண்ணகி நீதி கேட்டவள். அவள் சிலைக்கான கல் மற்றொருவன் தலையை அழுத்தி வந்ததை அவள் விரும்பியிருப்பாளா என்று நாம் ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

இங்கே இருவகை வாதம் எழும். "பணம் கொடுக்கிறோம், கணக்குத் தீர்ந்தது" என்பர் சிலர். தோட்டத் துரையும் பணம் கொடுத்தான். நம் கணக்குத் தீர்ந்துவிட்டதா? கூலி கொடுப்பது கடனின் ஒரு பகுதி, முழுக்கடன் அன்று. "அப்படியானால் போகாமலே இருப்பது நல்லது" என்பர் வேறு சிலர். இதுவும் சரியன்று. 2020ஆம் ஆண்டு நோய்ப்பரவலால் மலைப்பாதை அடைபட்டபோது, பிரயாணியை நம்பியிருந்த மலைக்குடும்பங்கள் வருவாயின்றித் தவித்தன. போகாதிருப்பவன் தன் மனச்சாட்சியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சுமப்பவனின் அடுப்பு அதனால் எரியாது.

ஆகவே போவதா வேண்டாமா என்பதன்று வழக்கு. எப்படிப் போவது என்பதே வழக்கு. திட்டத்தாளில் நாம் எழுதும் மாதமும் வழியும் மூட்டையின் எடையும் அறத்தோடு தொடர்புடையவை.

மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஜூனில் கூட்டமும் மிகுதி, மழையும் தொடங்கும். 2013ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆகிய நாட்களில் கேதாரத்தில் பெருவெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. யாத்திரிகர் மட்டுமா மாண்டனர்? அவர்களுக்குச் சோறு சமைத்தவரும், கோவேறு கழுதை ஓட்டியவரும், கடை வைத்திருந்தவரும் மாண்டனர்.

வழியை எடுத்துக்கொள்வோம். ஜோஷிமடம் பழைய மலைச்சரிவின் மண்மேல் அமைந்த ஊர். அங்கே பளுவான கட்டடங்கள் கூடாதென்று 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. எச்சரிக்கையை மீறி விடுதிகள் பெருகின. அருகே நீர்மின் திட்டத்திற்குச் சுரங்கமும் குடைந்தனர். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் பிளந்து, மக்கள் வெளியேற நேர்ந்தது. அதற்கப்பால் உள்ளது ரேணி என்னும் சிற்றூர். 1974ஆம் ஆண்டு கௌரா தேவியும் அவ்வூர்ப் பெண்களும் மரங்களை வெட்ட வந்தவரைத் தடுத்து நின்ற இடம் அதுவே. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அதே பள்ளத்தாக்கில் பாறையும் பனியும் சரிந்து வெள்ளமாகி, இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவருள் பலர் நீர்மின் திட்டத் தொழிலாளர். யாத்திரிகர் விரைந்து செல்லச் சாலை அமைக்கும் பணியில், 2023ஆம் ஆண்டு நவம்பரில் சில்க்யாராச் சுரங்கத்தில் 41 தொழிலாளர் 17 நாள் அகப்பட்டிருந்தனர். பெரிய இயந்திரம் உடைந்தபின், இறுதிப் பகுதியைக் கையால் குடைந்து அவர்களை மீட்டவரும் ஏழைத் தொழிலாளரே. நாம் சில மணி நேரம் மிச்சப்படுத்துவதற்கு யாரோ சிலர் இருட்டில் இருக்கவேண்டியிருக்கிறது.

கடைசியில் சுமை. கௌரிகுண்டத்திலிருந்து கேதாரம் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஏற்றம். நடக்க இயலாதவரைக் கூடையில் வைத்து முதுகில் சுமந்து செல்வோர் அங்கே உண்டு. பலர் நேபாளத்திலிருந்து பிழைக்க வந்தவர். தோழரின் தாயாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. "என்னைத் தூக்குகிறவன் யார் பெற்ற பிள்ளையோ! நான் வரவில்லை" என்றார். எங்களுக்கும் விடை தோன்றவில்லை. அவர் போகாவிட்டால் சுமப்பவனுக்கு ஒரு நாட்கூலி நட்டம். போனால் அம்மையாருக்கு மனவேதனை. நெடிது ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். இயலாதவர் பிறர் தோளில் செல்வது இழிவன்று. நாமும் குழந்தையாய் ஒருவர் இடுப்பில் இருந்தவரே. சுமப்பவனிடம் பேரம் பேசுவதும், அவன் உண்ணுமுன் நாம் உண்பதும், அவன் பெயர் தெரியாமல் திரும்புவதுமே இழிவு. இதைக் கேட்டபின் அம்மையார் வர இசைந்தார். ஆனால் பாதியேனும் நடந்து பார்ப்பேன் என்று நிபந்தனை விதித்தார்.

திட்டத்தாளைத் திருத்தினோம். ஜூன் அடிக்கப்பட்டு அக்டோபர் எழுதப்பட்டது. மழை ஓய்ந்து வானம் தெளியும் காலம் அது. கோயில் நடையும் தீபாவளியையொட்டித்தான் சாத்தப்படும். பிள்ளைகள் வர இயலாது. எங்களுக்கும் சில நாட்சம்பளம் பிடிபடும். அந்த நட்டம் எங்கள் சுமை. அதைப் பிறர் தலையில் ஏற்றலாகாது. ஆளுக்கு ஒரே பை, தானே தூக்கும் அளவு. தங்குவது கூடியவரை கிராமத்து வீடுகளில். கொண்டுபோகும் குப்பை திரும்பக் கொண்டுவரப்படும். கூலி, அரசு விதித்த விகிதத்திற்கு ஒரு காசும் குறையாது. படம் பிடிப்பதானால் கேட்டுப் பிடிப்பது. பிடித்த படத்தை அவரவர்க்கு அனுப்பிவைப்பது. இந்தக் கடைசி விதியை எழுதியபோது எங்களில் எவரும் ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் அம்முதியவரின் தாயாரையே நினைத்தோம்.

புறப்படுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிராஞ்சிக் குன்றின்மேல் ஏறி, கடுவால் வீரரின் பெயர்களில் சிலவற்றை எழுதிக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறோம். லான்ஸ்டவுனில் அவற்றை உரக்க வாசிக்கப் போகிறோம். அங்கே கேட்பவர் இருப்பினும் சரி, மலைக்காற்று மட்டும் இருப்பினும் சரி. அம்முதியவரையும் ஞாயிறன்று உடன் அழைத்திருக்கிறோம். "படி ஏற முடியுமா பார்க்கிறேன் தம்பி" என்று சொல்லியிருக்கிறார்.