தலைக்குக் குளித்தால் எது போகும்?



பொறியியல் படிக்கிற பெண்ணுக்கு உடற்கூறு கூடத்தில் என்ன வேலை என்று பலர் கேட்டுவிட்டார்கள். நான் படிப்பது உயிர்மருத்துவப் பொறியியல். செயற்கை மூட்டு வடிவமைக்க வேண்டுமானால், உண்மையான முழங்கால் எப்படி மடங்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதனால் ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒருமுறை அந்தக் கூடத்துக்குப் போகிறோம். போய்வந்ததும் எங்கள் விடுதியில் எழும் முதல் கேள்வி தத்துவக் கேள்வி இல்லை. "முடியில ஒட்டிக்கிட்ட வாடைய எப்படிப் போக்குறது?" என்பதுதான். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. சின்னதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

உடல் கெடாமல் இருக்கப் பயன்படுத்துவது பார்மலின். பார்மால்டிஹைட் என்ற வாயு ஏறக்குறைய 37 விழுக்காடு கரைந்த நீர் அது. அதை இன்னும் நீர்க்கச் செய்துதான் உடலுக்குள் ஏற்றுவார்கள். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் உடல் அழுகுவதில்லை. நம் முடியும் கெராட்டின் என்ற புரதம்தான். ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்குகள் உண்டு. தலையில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு லட்சம் இழைகள். போதாததற்கு, நாம் தடவும் எண்ணெயும் வாடையை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே அன்றைக்கு மட்டும் எண்ணெய் வைக்காதீர்கள். கொண்டையை இறுக்கிப் போட்டு, தொப்பிக்குள் ஓர் இழை வெளியே தெரியாமல் அடக்குங்கள். கையுறையோடு முடியை ஒதுக்காதீர்கள். கோட்டை அங்கேயே கழற்றித் தனிப் பையில் கட்டி, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். அறைக்கு வந்ததும் ஷாம்பு போட்டு நன்றாக அலசுங்கள். சென்ட் அடித்து மறைக்கப் பார்த்தால் எல்ஆர்டியில் பக்கத்தில் உட்காருபவருக்கு இரண்டு வாடை வரும், அவ்வளவுதான்! இன்னொன்றும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் பார்மால்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. கண் எரிந்தால் வெளியே வந்து நில்லுங்கள். பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை.

குளிப்பதைப் பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும். சண்டை வேறு இடத்தில்.

ஒரு வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது பாட்டி என்னை வாசலிலேயே நிறுத்தினார். "பொணத்தத் தொட்டுட்டு வர்ற பிள்ள. தலைக்கு ஊத்தாம சாமி ரூம் பக்கம் போவாதம்மா." நான், "குளிச்சு ரெண்டு நாளாச்சு பாட்டி, வாடையே இல்ல," என்றேன். "வாடை போயிருக்கும். தீட்டு போவுமா?" என்றார்.

பாட்டியின் கேள்வி சரியான கேள்வி. வாடை வேறு, தீட்டு வேறு என்று அவர் தெளிவாகப் பிரித்துவிட்டார். வாடை போனதா என்று மூக்கு சொல்லிவிடும். தீட்டு போனதா என்று யார் சொல்வது? அன்றைக்கு நான் வாதாடவில்லை, மறுபடியும் குளித்தேன். பாட்டி மனசு நிம்மதியாக இருக்கட்டும் என்று குளிப்பதற்கும் தீட்டை ஒப்புக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு.

சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்கும் வழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தொற்றுநோய் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில் அது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். அழுது களைத்த மனசுக்குத் தண்ணீர் ஓர் ஆறுதல். இதுவரை சரி. அந்தச் சொல் ஆள்மேல் ஏறும்போதுதான் தப்பாகிறது.

மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மருத்துவம் படிக்கும் மாணவி. இன்னொருவர் மருத்துவமனைப் பிணவறையில் உடலைக் கழுவித் துடைப்பவர். மூன்றாமவர் மின்சுடலையில் சாம்பலை அள்ளி நம் கையில் கொடுப்பவர். மூவரும் தொடுவது மனித உடலைத்தான். மாணவிக்குக் கோயில் விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போடுகிறோம். மற்ற இருவர் வீட்டில் பெண் எடுக்கவே யோசிக்கிறோம், சில இடங்களில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும்கூட. தீட்டு உடலில் இருந்து வருவதானால் மூவருக்கும் ஒரே அளவுதானே வர வேண்டும்? ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால், நாம் அளப்பது தூய்மையை அல்ல, அந்தஸ்தை.

திருவிளையாடல் கதை நமக்கெல்லாம் தெரியும். கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நக்கீரர் இறைவனோடு வாதாடினார். பூவாலும் பூசும் பொருளாலும் வருவதுதான், கூடவே பிறந்தது இல்லை என்பது அவர் கட்சி. கதையில் அவருக்கு என்ன ஆனது என்பதும் தெரியும். இருந்தாலும் என் கூந்தல் விஷயத்தில் நான் நக்கீரர் பக்கம்தான். சேர்ந்த வாடை அலசினால் போய்விடும். எந்த மனிதருக்கும், எந்தத் தொழில் செய்பவருக்கும் கூடப்பிறந்த வாடை என்று ஒன்று கிடையாது.

"இதெல்லாம் நம் சமயத்துக்கு எதிரான பேச்சு" என்று சிலர் சொல்லலாம். சமய வகுப்பில் நாம் படித்த ததீசி முனிவரை நினைத்துப் பாருங்கள். இந்திரனின் வஜ்ராயுதத்துக்காகத் தம் எலும்பையே கொடுத்தவர். அந்த எலும்பைத் தொட்டவர்களுக்குத் தீட்டு என்று எந்தக் கதையும் சொல்லவில்லை. சுஸ்ருத சம்ஹிதை, அறுவை மருத்துவம் பழகுகிறவர் உடலைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பிறகு அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்துப் படிக்க வேண்டும் என்கிறது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனித உடலை அறுத்துப் படிக்கத் துணிந்த பண்டிட் மதுசூதன் குப்தா, ஆயுர்வேதம் கற்பித்தவர். பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்று ஊரே பயந்த காலம் அது. நாம் கும்பிடும் சிவனோ சுடுகாட்டுச் சாம்பலைப் பூசியவர். தொடாதே என்ற குரலும் நம் மரபில் உண்டு, தொட்டுப் படி என்ற குரலும் உண்டு. எதைக் கையில் எடுப்பது என்பது நம் பொறுப்பு.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. கூடத்துக்குள் போன பத்து நிமிடத்தில் வாடை தெரியாமல் போய்விடும். வாடை எங்கும் போகவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. மனசும் அப்படித்தான். முதல் நாள் யாரும் பேசவில்லை. நாலாவது வாரம் "மூணாம் நம்பர் மேசை" என்று பெயராகிவிட்டது. கை பழகத்தான் வேண்டும், நடுங்குகிற கையால் ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் கை பழகுவதோடு நன்றியும் மரத்துப்போக வேண்டுமா?

அந்த மேசைகளில் இருப்பவர்களில் தாங்களே உடலைத் தானம் செய்தவர்களும் உண்டு, உரிமை கோர யாரும் வராதவர்களும் உண்டு. முன்னவர் கொடுத்தார். பின்னவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் இன்னும் பெரியது. மலாயா பல்கலைக்கழகத்தில் 2012-இல் தொடங்கிய 'சைலண்ட் மென்டர்' திட்டத்தில் உடலைக் கொடுத்தவரை ஆசான் என்றே அழைக்கிறார்கள். மாணவர்கள் முதலில் குடும்பத்தைச் சந்தித்து அவர் வாழ்ந்த கதையைக் கேட்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் மரியாதையோடு வழியனுப்புகிறார்கள். தைவானில் சூ சி அமைப்பு தொடங்கிவைத்த முறை இது. வாடையைப் போக்க நாம் எடுக்கும் அக்கறையில் பாதியையாவது இதற்கும் எடுக்கலாம்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புண்ணியவான் பேரு என்னம்மா?" என்று கேட்டார். எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள் என்றேன். "பேரு தெரியாட்டி என்ன, வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு ஏத்தி வையி." தீட்டைப் பற்றிப் பாட்டி முழுவதும் மாறிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் வாயில் 'பொணம்' அன்றைக்குப் 'புண்ணியவான்' ஆனது.

நண்பர்களே, அடுத்த முறை சாவு வீட்டுக்குப் போனாலும், உடற்கூறு கூடத்துக்குப் போனாலும் தாராளமாகத் தலைக்குக் குளியுங்கள். அதற்கு முன்னால், உடலைக் கழுவியவர், சுமந்தவர், எரியும்வரை பக்கத்தில் நின்றவர் யாராவது அங்கே இருப்பார். அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்து குளியுங்கள்.