நாழியும் பந்தியும்

உண்ணுதல் உடலைப் பேணும் செயலா, உறவைப் பேணும் செயலா என்னும் வினா, பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், அறநூல்களும் சமயநூல்களும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வரும் வினாக்களுள் ஒன்றாகும். உடலைப் பேணுவதே அதன் நோக்கம் என்றால், எதை, எப்போது, எவ்வளவு உண்பது என்பதை ஒருவர் தமக்குத்தாமே வகுத்துக்கொண்டு, பிறர் விருப்பத்தைப் பாராமல் அதன்படி நடப்பதே முறையாகும். உறவைப் பேணுவதே நோக்கம் என்றால், படைக்கப்பட்டதை முகம் சுளிக்காமல் ஏற்பதும், இருப்பதைப் பகிர்ந்துகொள்வதும், உடன் உண்பவர் கைகழுவும்வரை இலையை விட்டு எழாதிருப்பதுமே முறையாகும். இக்காலத்து வீடுகளில் சர்க்கரையைக் குறைத்தல், அரிசியை விடுத்துச் சிறுதானியத்துக்கு மாறுதல், இரவு உணவைத் தவிர்த்தல் போன்ற முயற்சிகள் பெருகப் பெருக, இவ்விரு நோக்கங்களும் ஒரே சமையலறையிலும் ஒரே உணவக மேசையிலும் மோதிக்கொள்கின்றன. இதனை வெறும் பழக்க வேறுபாடாகக் கருதிக் கடந்துவிட முடியாது. அடக்கம் என்னும் அறமும் பகிர்வு என்னும் அறமும் முரண்படும்போது எது எதற்கு இடங்கொடுக்க வேண்டும் என்பதே இதனுள் இருக்கும் வினா.

திருக்குறள் இவ்விரண்டையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்துப் பேசுகிறது. பொருட்பாலில் உள்ள 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோய் வந்தபின் செய்வதைக் காட்டிலும் வருமுன் உண்ணும் முறையையே விரிவாகச் சொல்கிறது. அதன் பத்துக் குறள்களில் ஆறு உணவைப் பற்றியவை. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின்னர், உடலுக்கு ஒவ்வாதவற்றை விலக்கி, அளவோடு உண்பவரின் உடலுக்கு வேறு மருந்து தேவைப்படாது என்பது அவற்றின் சாரம். அந்த ஆறு குறள்களில் எந்த உணவின் பெயரும் இல்லை, எந்த எண்ணும் இல்லை என்பது கருதத்தக்கது. அளவுக்கு அளவுகோலாக வைக்கப்படுவது உண்பவரின் வயிற்றுத் தீ, அதாவது செரிக்கும் ஆற்றல் ஒன்றே. கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டிலும் தம் அறவியல் நூலில் இதற்கு நெருங்கிய கருத்தைச் சொல்கிறார்: புகழ்பெற்ற மற்போர் வீரன் மைலோவுக்குப் போதாத உணவு, பயிற்சியை அப்போதுதான் தொடங்கியவனுக்கு மிகையாகிவிடும், ஆகவே நடுவளவு என்பது பொருளைச் சார்ந்ததன்று, ஆளைச் சார்ந்தது என்பது அவர் துணிபு.

அதே திருக்குறள், இல்லறவியலில் அமைந்த 'விருந்தோம்பல்' என்னும் 9ஆம் அதிகாரத்தில், விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது அமிழ்தமேயானாலும் விரும்பத்தக்கதன்று என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். முன்னதன் பொருள் எவ்வளவு உண்பது என்பது. பின்னதன் பொருள் யாரோடு உண்பது என்பது. இவை ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்னும் கட்டாயம் இவற்றுக்கிடையே இல்லை. அளவு உண்பவரின் கையில் இருக்கிறது. பந்தி அனைவருக்கும் பொதுவாக இருக்கிறது. இக்காலத்து மோதல் பெரும்பாலும், அளவில் செய்ய வேண்டிய திருத்தத்தைப் பந்தியில் செய்ய முயல்வதால் எழுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வடமொழி நூல்களிலும் இவ்விரு குரல்களும் அருகருகே ஒலிக்கின்றன. பகவத்கீதையின் 6ஆம் அத்தியாயம், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று அளவை வலியுறுத்துகிறது. 3ஆம் அத்தியாயமோ, தமக்காக மட்டுமே சமைப்பவர் பாவத்தையே உண்கின்றனர் என்று கடிந்துரைக்கிறது. 17ஆம் அத்தியாயம் உணவைச் சாத்துவிகம், இராசதம், தாமதம் என்று மூன்றாகப் பகுக்கிறது: உயிர்வலிமையும் தெளிவும் தருவது முதலாவது, மிகு கசப்பும் புளிப்பும் உப்பும் காரமும் கொண்டு துன்பம் விளைப்பது இரண்டாவது, சுவைகெட்டுப் பழையதாகி நாறுவது மூன்றாவது. உணவு தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்று சாந்தோக்கிய உபநிடதம் கூறும் இடத்தில், உணவு என்பதற்குச் சங்கரர் ஐம்புலன்களின் வழியே உள்ளே வரும் அனைத்தையும் பொருளாகக் கொண்டார். இராமானுசர் உண்ணும் உணவையே கொண்டு, அதற்கு நேரும் மூவகைக் குற்றங்களை எடுத்துக்காட்டினார். உணவின் இயல்பிலேயே உள்ள குற்றம் சாதி தோஷம். அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் நேரும் குற்றம் ஆசிரய தோஷம். முடி, தூசு போன்றவை விழுவதால் நேரும் குற்றம் நிமித்த தோஷம். முதலாவதும் மூன்றாவதும் எந்தச் சமையலறைக்கும் பொருந்தும் எச்சரிக்கைகள். இரண்டாவதோ, கொடுப்பவரின் ஒழுக்கத்தைக் குறித்ததாகச் சொல்லப்பட்டாலும், நடைமுறையில் பிறப்பைக் குறித்ததாகத் திரிந்து, மனிதரைப் பந்தியிலிருந்து பிரிக்கும் கருவியாயிற்று. 1920களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது வெளிப்பட்டபோது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தனர். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய அப்பூசல் ஒரு பந்தியைப் பற்றியது. தூய உணவு என்னும் கருத்து உண்பவரோடு நில்லாமல் உடன் உண்பவர்மீது பாயும்போது என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடக்கமும் பந்தியும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்க முடியும் என்பதற்குப் பௌத்த நூலாகிய சம்யுத்த நிகாயத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கோசல நாட்டு மன்னன் பசேனதி ஒரு துரோணம் என்னும் பேரளவு அரிசிச் சோற்றை உண்ணும் வழக்கம் உடையவன். ஒருநாள் வயிறு நிறைய உண்டு, மூச்சு வாங்கியபடியே புத்தரிடம் வந்து அமர்ந்தான். புத்தர் அவனைக் கண்டிக்கவில்லை. இன்ன உணவை விலக்கு என்று பட்டியல் தரவுமில்லை. விழிப்போடு இருந்து, கிடைத்த உணவில் அளவறிபவனுக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும் என்னும் பொருள்பட ஒரு செய்யுளை மட்டும் சொன்னார். மன்னன் தன் பின்னே நின்றிருந்த சுதர்சனன் என்னும் இளைஞனை அழைத்து, அச்செய்யுளை மனனம் செய்து, தனக்கு உணவு பரிமாறப்படும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றும், அதற்கு நாள்தோறும் நூறு காசு தருவதாகவும் கூறினான். அவ்வாறே நடந்துவர, மன்னனின் உணவு படிப்படியாகக் குறைந்து ஒரு நாழி அரிசிச் சோற்றில் வந்து நின்றது. பின்னொரு நாள் மெலிந்து நலமுற்ற தன் உடலைக் கையால் தடவிப் பார்த்து, புத்தர் தனக்கு இம்மை, மறுமை ஆகிய இரண்டிலும் அருள் செய்தார் என்று அவன் மகிழ்ந்தான்.

இந்நிகழ்ச்சியின் ஆழம், அளவு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. மன்னன் தன் மன உறுதியை மட்டும் நம்பவில்லை. உண்ணும் இடத்திலேயே, தன் அருகிலேயே, தனக்கு நினைவூட்டும் ஒரு குரலை நிறுத்திவைத்தான். அடக்கம் அங்கே தனிமையில் நடக்கும் போராட்டமாக அமையாமல், உடன் இருப்பவரின் துணையோடு கூடிய பழக்கமாக அமைந்தது. குறைத்தலும் ஒரே நாளில் நிகழாமல் மெல்லவே நிகழ்ந்தது. அவன் வந்து சேர்ந்த நாழி என்னும் அதே அளவைத் தமிழ்ப் புலவர் நக்கீரரும் புறநானூற்றின் 189ஆம் பாட்டில் குறிப்பிடுவது வியப்புக்குரியது: உலகாளும் மன்னனுக்கும் இரவும் பகலும் விழித்து வேட்டையாடும் எளியவனுக்கும் உண்பது ஒரு நாழியே என்று காட்டி, எஞ்சியதைக் கொடுப்பதே செல்வத்தின் பயன் என்று அவர் முடிக்கிறார். பசேனதியின் நாழி உடல்நலத்துக்காக வந்தது. நக்கீரரின் நாழி ஈகைக்குக் காரணமாகிறது. தேவைக்கு மேல் உண்ணாதவரிடம்தான் பிறருக்குக் கொடுக்க ஏதேனும் மிஞ்சும் என்பதால், இவ்விரண்டும் வெவ்வேறு நாழிகள் அல்ல.

புத்தரின் நிலைப்பாட்டை மேலும் தெளிவாக்குவது, அவருடைய சங்கத்துத் துறவியாகிய தேவதத்தன் எழுப்பிய பூசல். துறவியர் அனைவருக்கும் ஐந்து கடுநெறிகளை வாழ்நாள் முழுதும் கட்டாயமாக்க வேண்டும் என்று அவன் கோரினான். அவற்றுள் இரண்டு உணவைப் பற்றியவை. இல்லத்தார் விருந்துக்கு அழைத்தால் ஏற்காமல் பிச்சை உணவையே உண்ண வேண்டும் என்பது ஒன்று. மீனும் ஊனும் அறவே கூடாது என்பது மற்றொன்று. விரும்பியவர் பிச்சை உணவோடு நிற்கலாம், விரும்பியவர் அழைப்பை ஏற்கலாம் என்று கூறிப் புத்தர் அக்கட்டாயத்தை மறுத்தார். புலால் மறுத்தலைத் தனி அதிகாரமாகப் பாடிய வள்ளுவரின் மரபில் நிற்போர் ஊனுணவு பற்றிய புத்தருடைய முடிவை ஏற்காமல் போகலாம். அதற்கு வலுவான அறக்காரணம் உண்டு. எனினும், ஒருவரின் நோன்பு மற்றொருவரின் அழைப்பை இழிவுபடுத்தும் உரிமையைத் தருவதில்லை என்னும் கருத்து ஊன் உண்பவருக்கும் உண்ணாதவருக்கும் ஒருசேரப் பொருந்தும்.

இக்காலத்துச் சமையலறைக்கு வந்தால், இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. ஒரே வீட்டில் காலையில் தந்தைக்குச் சர்க்கரையின் பொருட்டுக் கேழ்வரகுக் கூழ், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் மகனுக்கு மஞ்சள்கரு நீக்கிய முட்டை, பள்ளிக்குப் போகும் சிறுமிக்கு நெய் தோசை, மாமியாருக்கு உப்புக் குறைந்த இட்லிச் சாம்பார் என்று நான்கு வகை அடுப்பேறுகின்றன. சாம்பார் கொதித்ததும் உப்புச் சேர்க்குமுன் ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைக்கப்படுகிறது. தோசைக்கல் காய்வதற்குள் முட்டை வெந்த பாத்திரம் கழுவப்படுகிறது. எல்லோரும் உண்டு எழுந்தபின், மீந்த மாவில் வார்த்த கடைசித் தோசையை நின்றபடியே உண்பவர் சமைத்த பெண்ணாகவே இருக்கிறார். உண்பவர் ஒவ்வொருவரும் தம் உடலின்மீது காட்டும் அக்கறை தனித்தனியே நியாயமானதுதான். ஆயினும் அந்நான்கு நியாயங்களின் சுமையும் ஒரே தோளில் விழுவதைக் காணாத உணவு ஒழுக்கத்தை ஒழுக்கம் என்று அழைப்பதற்கில்லை. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவை நகரத்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒருவருக்கு மட்டும் தனியே வடிக்காமல் வீடு முழுவதற்கும் பொதுவாகச் சமைப்பது உடலுக்கும் நல்லது, பந்திக்கும் நல்லது.

நல்லுணவு நாட்டமே நோயாக முற்றும் நிலையும் உண்டு. ஸ்டீவன் பிராட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1997இல் அதற்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயரிட்டார். தூய உணவைப் பற்றிய எண்ணம் முற்றி, அழைப்புகளைத் தவிர்த்து, நண்பர்களோடு உண்பதையே அஞ்சும் நிலையை அது குறிக்கிறது. நண்பர்கள் கூடும் உணவகத்தில் இதன் இலேசான வடிவத்தைக் காணலாம்: நடுவே வைத்த பரோட்டாவும் குருமாவும் எல்லார் கையும் படும் பொதுத்தட்டாக இருக்க, ஒருவர் மட்டும் தம் வெள்ளரித் துண்டுகளின் மீது குனிந்து, பிறர் தட்டில் மிதக்கும் எண்ணெயைப் பற்றியே பேசுகிறார். அவர் வெள்ளரி உண்பதில் பிழையில்லை. பிறர் உண்பதை அளந்து பார்ப்பதுதான் பிழை.

பிழை எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறது, அது சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அத்தகைய நாட்டில், ஒரு நாள்தானே என்று சொல்லி, வேண்டாம் என்பவரின் இலையில் இன்னொரு ஜாங்கிரியை வைப்பதை உபசாரம் என்று போற்றுவதற்கில்லை. பழைய பந்திகளில் பரிமாறுபவர் கரண்டியோடு குனியும்போது, உண்பவர் இடக்கையை இலைக்கு மேலே சற்றே விரித்துப் போதும் என்று காட்டுவார். அதைக் கண்டு கரண்டியைப் பின்வாங்குபவரும் உண்டு. விரல்களின் இடுக்கு வழியே இன்னும் ஒரு கரண்டி ஊற்றி மகிழ்பவரும் உண்டு. முன்னவரே விருந்தோம்பலை அறிந்தவர். அனிச்சம் மோந்தால் வாடுவதைப் போல முகம் மாறுபட்டு நோக்கினாலே விருந்தினர் வாடுவர் என்று அறிந்திருந்த மரபு, அவர் விரித்த கையை மட்டும் மதிக்காமல் விடலாகாது. பசேனதியின் அருகில் நின்ற சுதர்சனனின் வேலையை, உடன் உண்ணும் நண்பரும் செய்யலாம். அதற்கு அவர் செய்ய வேண்டியது, மறுப்பவரை அவமானப்படுத்தாமல் அவர் தட்டைத் தம் தட்டைப் போலவே இயல்பாகக் கருதுவது.

ஆகவே, நோயால் ஓர் உணவு முற்றிலும் ஆகாது என்னும் இடத்தில் அதை விலக்குவதே கடமை. அங்கே வற்புறுத்துபவர்மீதுதான் பழி. அத்தகைய தடையில்லாத இடத்தில், குறைக்க வேண்டியது தட்டில் இருக்கும் அளவை. விட்டுவிடக் கூடாதது பக்கத்தில் இருக்கும் ஆளை. உணவுமுறையை மாற்றிக்கொள்ள எண்ணுவோர் எவரும், எதைக் குறைப்பது என்று தீர்மானிக்குமுன், அதைச் சமைக்கப்போகிறவரோடு அமர்ந்து பேச வேண்டும். மாற்றத்துக்குரிய காய் நறுக்குதலையும் பாத்திரம் கழுவுதலையும் தாமே ஏற்க வேண்டும். சமைத்தவருக்கும் அதே வேளையில், அதே பந்தியில் இலை போட வேண்டும்.