அழிக்கப்பட்ட தவறு

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பென்சிலால் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குகிறது. விடை தவறு. பள்ளி விட்ட பிறகு ஆசிரியை ரப்பரால் அதை அழித்துவிட்டுச் சரியான வட்டத்தைக் கறுப்பாக்குகிறார். மதிப்பெண் ஏறுகிறது. பிள்ளைக்குச் சந்தோஷம், பெற்றோருக்கும் சந்தோஷம், பள்ளிக்குப் பாராட்டு. இதில் யாருடைய பொருள் களவு போனது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் ஒரே பொதுத்தேர்வு இருந்தது. 2009ஆம் ஆண்டு விடைத்தாள்களில் அழித்துத் திருத்திய தடங்களை மாநில அரசு இயந்திரத்தால் எண்ண வைத்தது. பிள்ளைகள் அழித்து எழுதுவது வழக்கம்தான். ஆனால் வகுப்பு வகுப்பாக, தவறு மட்டும் சரியாக மாறிக்கொண்டே போவது வழக்கமில்லை. ஆளுநர் அமர்த்திய விசாரணைக் குழு 2011 ஜூலையில் அறிக்கை தந்தது. அட்லாண்டா நகரில் ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு. 38 தலைமையாசிரியர்கள் உட்பட 178 பேருக்கு அதில் பங்கு. 82 பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒரு தொடக்கப்பள்ளியில் ஜன்னல் இல்லாத அறையில் சில ஆசிரியைகள் உட்கார்ந்து விடைகளைத் திருத்தியதாக அங்கே வேலை செய்த ஆசிரியை ஒருவரே சொன்னார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் ரேகை பதியாமலிருக்கக் கையுறை போட்டிருந்தார் என்று அரசுத் தரப்பு சொன்னது.

கையுறை வரைக்கும் எப்படிப் போனார்கள்? 2002இல் வந்த மத்தியக் கல்விச் சட்டம், 2014க்குள் நாட்டிலுள்ள பிள்ளைகள் அனைவரும் வாசிப்பிலும் கணக்கிலும் தேறியாக வேண்டும் என்றது. நூற்றுக்கு நூறு. எந்த ஊர் வகுப்பறையையும் அறிந்த ஒருவர் இந்த எண்ணை எழுதியிருக்க மாட்டார். அதன் மேல் அட்லாண்டாவின் கல்விக் கண்காணிப்பாளர் பெவர்லி ஹால் தம் இலக்குகளையும் ஏற்றினார். மூன்று ஆண்டுகளில் இலக்கைத் தொடாத தலைமையாசிரியருக்கு வேலை நிலைக்காது. தொட்ட பள்ளிக்கு ஊக்கத்தொகை. ஆண்டுக் கூட்டம் ஒரு பெரிய விளையாட்டரங்கில் நடக்கும். இலக்கைத் தொட்ட பள்ளியினருக்குக் கீழே மைதானத்தில் இடம், தொடாதவர்களுக்கு மேலே பார்வையாளர் படிகளில். ஒரு தொடக்கப்பள்ளியில், மதிப்பெண் குறைந்துபோனதற்காக ஆசிரியர் ஒருவரைக் கூட்டத்தின் நடுவே மேசைக்கடியில் தவழ வைத்தார்கள் என்று அறிக்கை சொல்கிறது. முறைகேட்டைச் சொன்னவர்கள் பழிவாங்கப்பட்டார்கள் என்றும் சொல்கிறது.

ஆகவே ‘பயந்துதான் செய்தோம்’ என்பதைத் தள்ளிவிட முடியாது. வேலை போனால் வீடு போகும் என்ற நிலையில் இருப்பவரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது வெளியே இருப்பவர்களுக்கு எளிது. முதல் முறை ரப்பரை எடுத்த கை நடுங்கியிருக்கலாம். ஆண்டுக்காண்டு அறையைப் பூட்டிக்கொண்டு கூடிச் செய்ததற்குப் பயம் என்ற ஒரு சொல் போதாது.

‘பிள்ளைகள் மனம் உடையக்கூடாது என்றுதான்’ என்பது இன்னொரு சமாதானம். இதைத்தான் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் அன்பின் சாயல் இருக்கிறது. 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளைகள் எந்த நாட்டிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. எட்டிலிருந்து இரண்டைக் கழித்தது, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தது. பக்கத்தில் கடன் வாங்கும் இடம் மட்டும் புரியவில்லை. 26 என்ற அந்த விடை, பிள்ளை எந்தப் படியில் தடுக்கியது என்பதைத் துல்லியமாகச் சொல்கிறது. 14 என்ற சரியான விடைகூட அவ்வளவு சொல்லாது; அதைக் குருட்டாம்போக்கிலும் போட்டிருக்கலாம். 26ஐ அழித்து 14 ஆக்கிய கை, பிள்ளை தன்னையறியாமல் கேட்ட உதவியை அழித்துவிட்டது. அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் கையில் தேறிய பிள்ளையின் தாள்தான் வரும்.

இது வெறும் கணக்குப் பேச்சு அல்ல. அட்லாண்டாவில், வகுப்புத் தேர்வுகளில் வாசிப்பில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி பொதுத்தேர்வில் மட்டும் பிரமாதமாகத் தேறினாள். எப்படி என்று தாய் போய்க் கேட்டார். தேர்வு எழுதுவதில் அவள் கெட்டிக்காரி என்று பதில் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அவளுடைய வாசிப்பு ஐந்தாம் வகுப்பு அளவில் நின்றிருந்தது. பணக்கணக்கும் உண்டு: மதிப்பெண் ஏறிவிட்டதால் ‘பின்தங்கிய பள்ளி’ என்ற பட்டியலிலிருந்து வெளியேறிய ஒரு நடுநிலைப்பள்ளி 7,50,000 டாலர் அரசு உதவியை இழந்தது.

எதிர்த்துச் சொல்ல மிகக் கடினமான வாதம் வேறு. தராசே கோணல் என்பது அது. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். பசி, வாடகை, அடிக்கடி வீடு மாறுவது என்று எத்தனையோ சேர்ந்து உருவாக்கும் மதிப்பெண்ணுக்கு ஆசிரியரை மட்டும் பொறுப்பாக்குவது அநியாயம். சரிதான். ஆனால் கோணல் தராசின் தட்டை யாருக்கும் தெரியாமல் விரலால் அழுத்துபவர் அந்தத் தராசை எதிர்க்கவில்லை, அது நேராக இருப்பதாகக் காட்டுகிறார். அட்லாண்டாவின் மதிப்பெண்கள் ஏறஏற, மிரட்டினால் பள்ளிகள் முன்னேறும் என்பதற்கு அந்த நகரமே சான்றாகிவிட்டது. 2009இல் ஹால் அம்மையார் நாட்டின் சிறந்த கல்விக் கண்காணிப்பாளர் விருது பெற்றார். 26ஐ 26ஆகவே விட்ட ஆசிரியர்கள் எல்லாப் பள்ளிகளிலும் இருந்திருந்தால், நூற்றுக்கு நூறு என்ற எண்ணின் பொய் இன்னும் முன்பே உடைந்திருக்கும்.

தண்டனையிலும் நியாயம் முழுதாக இல்லை. குற்றக் கும்பல்களை ஒடுக்கவென்று வந்த சதிச் சட்டத்தின் கீழ் 2013இல் 35 பேர் மீது வழக்குப் போட்டார்கள். எதையும் செய்யவில்லை என்று கடைசிவரை சொன்ன ஹால், வழக்கைச் சந்திக்காமலேயே 2015 மார்ச்சில் புற்றுநோயால் இறந்தார். ஏப்ரலில், விசாரணையை எதிர்கொண்ட 12 பேரில் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மூவருக்கு ஏழாண்டுச் சிறை. பிறகு நீதிபதியே அதை மூன்றாண்டாகக் குறைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அந்த மத்தியச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு நூறு என்று எழுதியவர்களை எந்தக் கூண்டிலும் ஏற்றவில்லை.

2009இல் மூன்றாம் வகுப்பில் அந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகள், தீர்ப்பு வந்த அன்று ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். விட்டுப்போனதை ஈடுசெய்ய நகரின் பள்ளி நிர்வாகம் அவர்களுக்குத் தனிப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எங்கிருந்து தொடங்குவது என்று பழைய தாளைப் புரட்டினால், அதில் 14 என்றுதான் இருந்தது.