இடுப்பில் சொருகிய பயம்

ஒரு நல்ல மனிதன் தன் சட்டைக்குள் துப்பாக்கியை ஒளித்து வைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாடலாமா?

'நமக்கெதுக்குங்க இந்த வம்பு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ரவுடிகளுக்கான கேள்வி இல்லை. அவர்கள் யாரிடமும் கேட்டுக்கொண்டு ஆயுதம் எடுப்பதில்லை. வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, நாலு பேருக்கு நல்லவராக வாழும் உங்களுக்கும் எனக்குமான கேள்வி இது.

நீங்கள் கழுகுமலையில் நகை அடகுக்கடை வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்துகிறீர்கள். பையில் ரொக்கம். வீடு கோவில்பட்டியில். மோட்டார் சைக்கிளில் இருபது கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டு பக்கமும் கரிசல் காடு. வெளிச்சம் என்றால் உங்கள் வண்டி விளக்குதான். போன வாரம் இரண்டு பேர் உங்கள் பின்னாலேயே வந்து, ஊர் நெருங்கியதும் திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. மைத்துனர் ஒரு யோசனை சொல்கிறார்: "பேசாம சின்னதா ஒரு பிஸ்டல் வாங்கி இடுப்புல வச்சுக்கோங்க அத்தான். எவன் கிட்ட வருவான்?"

உங்கள் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. வாருங்கள், துப்பாக்கியையே தேர்ந்தெடுத்துப் பார்ப்போம்.

முதலில் லைசென்ஸ். 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி மனு போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். உங்கள் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அதிகாரிகள் நம்ப வேண்டும். 2016-ல் வந்த விதிகள், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் ரகம் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது. பெரும்பாலும் பாயின்ட் 32 ரகம்தான்.

அதிலும் சின்னதாக வேண்டும் என்றால் ஒரு உதாரணம் சொல்கிறேன். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமை நினைவிருக்கிறதா? அதன் பிறகு, 2014 ஜனவரியில், கான்பூரில் இருக்கும் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்காக என்று சொல்லி 'நிர்பீக்' என்ற ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை. கைப்பையில் அடங்கும். விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். பஸ்ஸில் போகிற எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

சின்னத் துப்பாக்கியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒளித்து வைக்க எது சௌகரியமோ, அதுவே சுடும்போது இடைஞ்சல். குழல் குட்டை, அதனால் குறி எளிதில் தப்பும். பிடி சின்னது, அதனால் கை முழுதாகப் பற்றாது. எடை குறைவு, அதனால் சுட்டதும் அதிகமாக உதறும். பயிற்சி மைதானத்தில் பகல் வெளிச்சத்திலேயே இப்படி. ராத்திரியில், வியர்த்த கையோடு, உயிர் பயத்தில் எப்படி இருக்கும்?

நேரக் கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் 1983-ல் அதைச் சொன்னார். கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடி தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை வினாடி போதும். பயிற்சி பெற்ற போலீஸ்காரரே அதற்குள் உறையிலிருந்து எடுத்துச் சுடுவது சிரமம். நம் பக்கத்தில் அவன் கையில் இருக்கப்போவது வீச்சரிவாள். நீங்கள் சட்டையைத் தூக்கி, பிஸ்டலை உருவி, குறி பார்ப்பதற்குள் கதை முடிந்திருக்கும்.

அப்படியானால் அந்த ஆயுதம் எப்போது உதவும்? ஆபத்து வருவதற்கு முன்பே உங்கள் கை அதன் மேல் இருந்தால் உதவும். இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது. முன்பே கை போக வேண்டும் என்றால், முன்பே சந்தேகம் வர வேண்டும். வழி கேட்க வண்டியை நிறுத்துகிறவன், பின்னால் ஹாரன் அடிக்கிறவன், பெட்ரோல் தீர்ந்து கையைக் காட்டுகிறவன் எல்லோரையும் நீங்கள் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது, ஆனால் அது முதலில் மாற்றுவது உங்கள் பார்வையை.

ஒளித்து வைத்த ஆயுதத்தால் இதுவரை அதிகப் பலன் கண்டவர் யார் என்று சரித்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். வெகுதூரம் போக வேண்டாம். கோவில்பட்டியில் ரயிலேறித் தெற்கே போனால், கடம்பூருக்கு அப்பால் மணியாச்சி. இன்று அதற்கு 'வாஞ்சி மணியாச்சி' என்று பெயர். 1911 ஜூன் 17 அன்று, முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். செங்கோட்டை வாஞ்சிநாதன் மறைத்து வைத்திருந்த பெல்ஜியம் நாட்டு பிரௌனிங் கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டார். பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியால் தன்னையும் சுட்டுக்கொண்டார். வாஞ்சியின் தியாகத்தைப் பற்றி நீங்கள் என்ன கருத்து வைத்திருந்தாலும், நான் இங்கே பார்ப்பது அந்தச் சின்ன இயந்திரத்தை மட்டும். அது அவர் கையில் இருப்பது அந்த பிளாட்பாரத்தில் நின்ற மற்றவர்களுக்குத் தெரியாது. அதுதான் அதன் பலம்.

1865-ல் ஆபிரகாம் லிங்கனைக் கொன்றது உள்ளங்கையில் அடங்கும் 'டெரிஞ்சர்'. 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப் போருக்கு வழி திறந்தது மறுபடியும் ஒரு சின்ன பிரௌனிங். 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்தியின் மார்பில் பாய்ந்த தோட்டாக்கள் இத்தாலி நாட்டு 'பெரெட்டா' பிஸ்டலிலிருந்து வந்தவை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்துக்குப் பேச வந்த எம்.ஆர்.ராதா, எம்.ஜி.ஆரின் கழுத்தில் சுட்டார். அவரும் குண்டடி பட்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை.

துப்பாக்கி வருவதற்கு முன்பும் இது இருந்தது. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன் கத்தியை எங்கே வைத்திருந்தான்? சுவடிக் கட்டுக்குள். அடியார் வேடத்தில் வந்ததால் அரண்மனைக் கதவுகள் எல்லாம் திறந்தன.

காரணம் எளிது. எப்போது, எங்கே என்று தீர்மானித்துவிட்டு வருகிறவன் தாக்குகிறவன். ஒளிவு மறைவு அவனுக்குத்தான் பயன்படும். தற்காத்துக்கொள்கிறவருக்கு நேரமும் தெரியாது, இடமும் தெரியாது. அதோடு, உங்கள் இடுப்பில் பிஸ்டல் இருப்பது திருடனுக்குத் தெரியாதபோது அவன் எப்படிப் பயப்படுவான்? எல்லையில் நிற்கும் அய்யனாரும் கருப்பசாமியும் ஆயுதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். காவல் என்றால் வெளியே தெரிய வேண்டும் என்பது நம் முன்னோர் கணக்கு.

'யாரிடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் எல்லோரையும் பார்த்துப் பயப்படுவானே?' என்று அமெரிக்காவில் பலர் வாதிடுகிறார்கள். 2022-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே, வீட்டுக்கு வெளியிலும் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று தீர்ப்பளித்தது. ஆனால் எல்லோரிடமும் இருக்கும் என்று நினைக்கும் திருடன் வீட்டில் உட்கார்ந்துவிடுவான் என்பது என்ன நிச்சயம்? முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பையைத் தேடலாம் என்றும் முடிவு செய்வான் இல்லையா? அதே அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். திருடனுக்காக வாங்கி வைத்தது, மனம் உடைந்த ஒரு ராத்திரியில் வீட்டுக்காரர் கைக்கே எட்டுகிறது.

"சரி சார், அப்ப நான் செத்துப் போகணுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அகிம்சை பேசுவது அயோக்கியத்தனம்.

சட்டம் உங்களைச் சாகச் சொல்லவில்லை. பழைய தண்டனைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, தற்காப்பு உரிமை இருக்கிறது. தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் வருடத்து விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வன்கொடுமை நடக்கக்கூடிய இடங்களில், மற்றவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்யலாம், தேவைப்பட்டால் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்கின்றன. போலீஸ் வந்து சேர்வதற்குள் வீடு எரிந்துவிடும் என்ற நிலையில் இருப்பவரிடம், பாதுகாப்பான தெருவில் இருப்பவர் பொறுமையை உபதேசிக்கக்கூடாது என்ற புரிதல் அந்த விதியில் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் கழுகுமலையிலேயே பழைய பதில் ஒன்று உண்டு. அடிவாரத்தில் முருகன் கோயில், ஆயுதம் தாங்கிய சாமி. மேலே பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேலாகக் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பில் ஆடைகூட இல்லை, ஆயுதத்துக்கு எங்கே போவது! அகிம்சையில் சமணத்தை விடக் கண்டிப்பான மதம் கிடையாது. ஆனால் அந்தச் சமணமே துறவிக்கு ஒரு விரதமும் இல்லறத்தானுக்கு வேறு விரதமும் வைத்தது. திட்டமிட்டுச் செய்யும் கொலை யாருக்கும் ஆகாது. தாக்க வருகிறவனை எதிர்க்கும்போது நேரும் இம்சைக்கு 'விரோதி இம்சை' என்று தனிப் பெயர் வைத்து, இல்லறத்தானால் அதை முழுக்கத் தவிர்க்க முடியாது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஒப்புக்கொண்டார்களே தவிர, அதைப் புண்ணியம் என்று சொல்லவில்லை. இம்சை என்ற பெயரை எடுத்துவிடவும் இல்லை.

காந்தியும் அப்படித்தான். 1948 ஜனவரி 20 அன்று அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வருகிறவர்களைச் சோதனை போடுகிறோம் என்றது போலீஸ். அவர் சம்மதிக்கவில்லை. பத்து நாளில் உயிர் போனது. அந்த முடிவை அவர் தன் உயிரை வைத்து எடுத்தார். உங்கள் உயிரை வைத்து நான் எடுக்க முடியாது.

ஆகவே வாங்காதீர்கள் என்று நான் உத்தரவு போடவில்லை. வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள் என்கிறேன்.

ஒன்று. ஆபத்து உங்களைத் தேடி வருகிறதா, பணத்தைத் தேடி வருகிறதா? பணத்தை என்றால், பணத்தின் வழியை மாற்றுங்கள். ரொக்கத்தைக் குறையுங்கள், பகலிலேயே பாங்கில் கட்டுங்கள், தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போகாதீர்கள், பக்கத்துக் கடைக்காரரைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு வண்டி சேர்ந்து போவது பிஸ்டலை விட மலிவு, அது திருடன் கண்ணுக்கும் தெரியும்.

இரண்டு. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அந்த நாட்களிலும் கடையைத் திறக்க வேண்டும், அதே ரோட்டில் வீடு திரும்ப வேண்டும். அப்போது என்ன செய்வீர்களோ, அதை மற்ற நாட்களிலும் செய்ய முடியாதா?

மூன்றாவதுதான் கஷ்டமானது. காசு கொடுக்க முன்வந்து, காகிதமெல்லாம் தயார் செய்வதற்கு முன்னால், ஒரு வாரம் சும்மா பழகிப் பாருங்கள். இடுப்பில் துப்பாக்கி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடங்கள், ரோட்டில் வண்டி ஓட்டுங்கள், வாடிக்கையாளரிடம் வட்டிக் கணக்குப் பேசுங்கள். யாரையெல்லாம் சந்தேகித்தீர்கள், எந்தச் சண்டையில் உங்கள் குரல் கொஞ்சம் உயர்ந்தது, வீட்டில் பிள்ளை இடுப்பைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தபோது நீங்கள் ஏன் ஒரு அடி விலகினீர்கள் என்று ராத்திரி எழுதி வையுங்கள்.

ஏழாம் நாள் அந்தத் தாளைப் படித்துவிட்டு, இதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் மனு போடுங்கள். உங்கள் ஆபத்து அவ்வளவு பெரியது என்று அர்த்தம். அதை மறைக்காமல் அதிகாரிகளிடம் சொல்லுங்கள், போலீஸில் புகாராகவும் எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால், அந்த லட்ச ரூபாயில் கடைக்கு நல்ல ஷட்டரும் கேமராவும் போடுங்கள். மிச்சக் காசு இருந்தால், அந்த இருட்டு ரோட்டில் நாலு விளக்குக்கு ஊரோடு சேர்ந்து ஏற்பாடு செய்யுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவனுக்கும் வீடு இருக்கிறது, அவனுக்கும் பயம் இருக்கிறது.