பூச்சும் களிம்பும்

துப்பாக்கித் தோட்டாவின் நுனியில் அமர்ந்திருக்கும் குண்டு பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. கனமும் மென்மையும் ஒருங்கே கொண்டிருப்பதாலும், 327 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடுவதாலும், பல நூற்றாண்டுகளாக வேறு எந்த உலோகமும் அதன் இடத்தை எளிதில் பிடிக்க முடியவில்லை. உறையில்லாத காரீயக் குண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சிறிது நேரம் உருட்டினால், பென்சிலால் தீட்டிய இடத்தைத் தேய்த்ததுபோல ஒரு சாம்பல் நிறக் கறை விரல் ரேகைகளில் படியும். இந்தக் கறை தோல் வழியாக உடலுக்குள் இறங்குவது மிகக் குறைவு; கழுவாத கையோடு சோறு உண்ணும்போதும் பீடி பற்றவைக்கும்போதும் வாய் வழியாகவே அது உள்ளே செல்கிறது. சென்றபின் உடல் அதைச் சுண்ணாம்புச் சத்தென்று தவறாக எண்ணி எலும்பில் சேர்த்துவைக்க, அது பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கிவிடுகிறது. உட்கொண்ட காரீயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்ளும் என்றும், இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குண்டின்மேல் தாமிர உறை இடுதல், தாமிர முலாம் பூசுதல், பிளாஸ்டிக் போன்ற பலபடிச் சேர்மத்தைப் பொடியாகத் தூவி அடுப்பில் ஏறத்தாழ 200 டிகிரியில் இறுகச் செய்தல் ஆகிய வழக்கத்திலுள்ள முறைகள் காரீயம் கையில் படுவதைக் குறைக்கின்றன. கொல்வதற்கென்றே செய்த ஒரு பொருளிலிருந்து அதைச் சுமப்பவரின் கையைக் காக்கும் இந்தச் செயலுக்கு அறத்தில் என்ன மதிப்பு உண்டு என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

சமண மெய்யியல் இக்கேள்வியைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம். அம்மரபின் இரு பெரும் பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதையே இம்சை என்று வரையறுக்கிறது. இன்றைய பேச்சுத் தமிழில் பாராட்டுச் சொல்லாகிவிட்ட பிரமாதம் என்பதற்கு அங்குள்ள பொருள் கவனமின்மை, அதாவது அறிய வேண்டியதை அறிந்தும் அதன்படி நடவாத மனநிலை. பிற்காலச் சமண ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்து, திட்டமிட்டுச் செய்வது, வீட்டு வேலைகளில் நேர்வது, பிழைப்புத் தொழிலில் நேர்வது, தாக்க வருபவரை எதிர்ப்பதில் நேர்வது என்று காட்டி, இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் விட வேண்டும், ஏனையவற்றை விழிப்போடு இயன்றவரை குறைக்க வேண்டும் என்று விதித்தனர். காவல் பணியில் முப்பது ஆண்டுகள் இடுப்பில் தோட்டா சுமப்பவரின் விரலில் படியும் காரீயத்தை யாரும் விரும்பி அங்கே வைக்கவில்லை. ஆனால் அது கறையோடு நில்லாமல் அவருடைய சட்டையில் ஒட்டி வீட்டுக்குச் சென்று, அவர் மடியில் ஏறும் குழந்தையின் வாய்வரை போகும் என்று தெரிந்தபின் வாளாவிருப்பது பிரமாதமே. கொலைக்கருவிக்குப் பாதுகாப்புப் பூச்சு பூசுவது வெறும் போலித்தனம் என்று தள்ளுவோர், சுடுவது சரியா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அந்தக் குழந்தையைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். அது நியாயமன்று. பூச்சு இடுவது கடமைதான்.

ஆயினும் அக்கடமையின் எல்லை எதுவரை என்பதை வரலாறு கடுமையாகவே காட்டியிருக்கிறது. கொல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் இடத்தில் 1857 ஜனவரியில் என்ஃபீல்டு துப்பாக்கிப் பயிற்சி பெற்றுவந்த சிப்பாய்களிடையே, புதிய தோட்டாக்களில் தடவியிருப்பது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சு பரவியது. காகிதத்தில் சுற்றிய அத்தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்து, வெடிமருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டியிருந்ததால், பூச்சு நேரே உதட்டில் படும் என்ற அச்சம் இந்து, முஸ்லிம் இரு தரப்பினரையும் கலக்கியது. ஆட்சியாளர்கள் தந்த விடை முழுவதும் பூச்சைப் பற்றியதாகவே இருந்தது: கொழுப்பில்லாத தோட்டாக்களைப் பெற்றுச் சிப்பாய்களே தமக்கு ஒவ்வும் பொருளைத் தடவிக்கொள்ளலாம் என்றனர், பின்னர் பல்லால் கடியாமல் கையால் கிழிக்கலாம் என்றும் சொன்னார்கள். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தபோது, பூச்சை மாற்றுவதால் தீரும் நிலையை விவகாரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. யாருக்காக, யார்மீது, எந்த நம்பிக்கையில் துப்பாக்கி ஏந்துகிறோம் என்ற மனக்கசப்பு அதன் அடியில் இருந்தது. உதடு என்னும் வாசலில் எது படலாம் என்ற அவர்களுடைய கேள்வியை மூடநம்பிக்கை என்று எழுதிச் சென்றவர்கள் உண்டு. கையில் ஒட்டிய காரீயம் உடலுக்குள் நுழைவதும் அதே வாசல் வழியாகத்தான், உண்ணுமுன் கை கழுவும் பழைய ஆசாரமே அதற்கும் முதல் காப்பு என்பதை நினைத்தால் அந்த இகழ்ச்சி நிற்காது.

அதே டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் எதிர்த்திசையில் ஒரு வேலை நடந்தது. தாமிரம் கலந்த உறையை நுனியில் மட்டும் நீக்கி, காரீயத்தை வெளியே தெரியவிட்ட குண்டுகள் அங்கே செய்யப்பட்டன. உடலில் பாய்ந்ததும் அவை பூப்போல விரிந்து, உறையிட்ட குண்டைவிடக் கொடிய புண்ணை உண்டாக்கின. 1899 ஜூலை 29 அன்று ஹேக் நகர மாநாட்டில் நிறைவேறிய பிரகடனம், காரீயத்தை முழுவதும் மூடாத உறையுள்ள, உடலில் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. அதை ஏற்க மறுத்த பிரிட்டன் 1907இல்தான் இணங்கியது. இங்கே உறை காக்க நினைப்பது சுடப்படுபவரை. நுனியை மூடும் உறை எதிரியின் உடலுக்கு வரம்புக்குட்பட்ட ஓர் இரக்கம், அடிப்பகுதியை மூடும் உறை சுடுபவரின் மூச்சுக்குக் காப்பு. அடி திறந்த குண்டில் வெடிமருந்தின் சூட்டுக்குக் காரீயம் ஆவியாகும் என்பதே பின்னதற்குக் காரணம். ஒரே தாமிரத் தகட்டின் இரு முனைகளில் இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பற்றிய அக்கறை படிந்திருப்பதைக் கண்டுகொள்ளாமல், உறை இருக்கிறது, ஆகவே அறம் காக்கப்பட்டது என்று பேசுவது பெரும்பிழை.

தமிழ் வீடுகளில் பூச்சு என்றதும் நினைவுக்கு வருவது ஈயம் பூசிய செம்புப் பாத்திரம். அங்கே வெள்ளீயம் உள்ளே இருந்து, செம்பின் களிம்பு உணவில் சேராமல் தடுக்கிறது; குண்டிலோ தாமிரம் வெளியே இருந்து, காரீயம் கையில் சேராமல் தடுக்கிறது. சைவ சித்தாந்தம் இந்தச் செம்பையும் களிம்பையுமே ஆன்மாவுக்கும் ஆணவ மலத்துக்கும் உவமையாக எடுத்துக்கொண்டது. களிம்பு எங்கிருந்தோ வந்து செம்பில் ஒட்டியது அன்று, செம்பு உள்ள அன்றே உடன் உள்ளது. அதுபோல ‘யான்’, ‘எனது’ என்னும் முனைப்பும் உயிரோடு தொன்றுதொட்டே இருப்பது என்பது அதன் கருத்து. வெளியிலிருந்து படியும் அழுக்குக்குத் துடைப்பதும் மூடுவதும் போதும், உடன்பிறந்த அழுக்குக்கு அவை போதா என்ற இந்த வேறுபாட்டைக் குண்டின் கதைக்குப் பொருத்திப் பார்க்கலாம். விரலில் ஒட்டிய காரீயம் முதல் வகை. பிறர் உயிரைவிடத் தன் கையின் தூய்மை பெரிதென்று கருதும் மனம் இரண்டாம் வகை, அது பலபடிப் பூச்சின் அடியிலும் அப்படியே இருக்கும்.

பூச்சின் எல்லையை விரலுக்கு அப்பால் பார்த்தாலும் இது தெளிவாகும். தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர், அதாவது சுத்தி அடித்ததும் பொறி எழுப்பும் சிறு கிண்ணம், பெரும்பாலும் காரீயச் சேர்மம் கொண்டது; குண்டுக்கு எத்தனை பூச்சு இட்டாலும் அதன் புகை சுடுபவரின் மூக்கில் ஏறும். வேட்டையில் காரீயக் குண்டு இலக்கின் உடலுக்குள் சிதறும்போது பூச்சும் உடன் கிழிகிறது. வேட்டையாடியவர் விட்டுச்சென்ற குடலையும் கழிவையும் தின்னும் பறவையின் இரைப்பைக்கு அந்தத் துகள்கள் போகின்றன. 1982இல் உலகம் முழுவதிலும் 22 என்ற எண்ணிக்கைக்குச் சுருங்கிப்போன கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் மீண்டும் பெருகுவதற்கு இந்த நஞ்சே பெருந்தடையாக இருந்ததால், அம்மாநிலம் 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் காரீயக் குண்டுகளை முற்றிலும் விலக்கியது. அங்கு இப்போது பயன்படுபவை பெரிதும் முழுத் தாமிரக் குண்டுகள்.

பௌத்தத்தின் அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தார் செய்யலாகாத ஐந்து வணிகங்கள் சொல்லப்படுகின்றன: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. ஆயுதமும் நஞ்சும் அங்கே தனித்தனியாக எண்ணப்பட்டிருக்க, காரீயக் குண்டு இரண்டையும் ஒரே பொருளில் சேர்த்துவிட்டது. முழுத் தாமிரக் குண்டு நஞ்சை ஏறத்தாழ நீக்கிவிடுகிறது. கழுகுக்கும் குழந்தைக்கும் அது உண்மையான நன்மை, அதற்காக உழைத்தவர்கள் போற்றத்தக்கவர்கள். பட்டியலின் முதலில் நிற்கும் சொல்லைப் பற்றிய கேள்வி மட்டும், மறைக்கப் பூச்சு ஏதுமின்றி, தோட்டா சுமப்பவரின் முன் அப்படியே இருக்கிறது.