சித்தன்னவாசற் பொய்கையும் அழகு நுகர்ச்சியும்

விராலிமலையில் ஆறுமுகப்பெருமானை வழிபடச் செல்லும் அடியார், ஆங்கு உலவும் மயில்களைக் கண்டு களிப்பது கண்கூடு. இக்களிப்பு அன்பின்பாற் படுமோ, புலனுகர்ச்சியாய் உயிரைப் பிணிக்குமோ என்பது ஆராயத்தக்கது. இதற்குத் தக்கதொரு சான்று அப்பக்கத்திலேயே உளது.

விராலிமலையினின்று இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை செல்லும் நெறிக்கு அயலிலே சித்தன்னவாசற் குன்று நிற்கின்றது. ஆங்குள்ள அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையை மதுரையாசிரியன் இளங்கௌதமன் புதுக்கினான் என்பது, 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டாற் புலனாம். அதன் விதானத்தே ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பட்டுள்ளது. இலையும் அரும்பும் மலரும் நெருங்கிய அந்நீரில் மீன்கள் திரிகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் திளைக்கின்றன, மாந்தர் மூவர் மலர் கொய்கின்றனர். சமவசரணத்தைச் சூழ்ந்த நீர்நிலையில் பவ்வியர் மலர் கொய்தலை இது குறிக்குமென்பர் ஆராய்ச்சியாளர்.

பொய்கை ஒன்றே. எருமைக்கு அது வெப்பந் தணிக்கும் இடம், மீனுக்கு உறையுள், பவ்வியர்க்கோ வழிபாட்டு மலர் விளையும் நிலம்.

பிரான்சு தேசத்து ஓவியர் கிளாடு மோனேயின் செய்தியும் ஈண்டு நோக்கற்பாலது. அவர் 1893-ல் ஜிவேர்ணி என்னும் ஊரில் நிலம் வாங்கிக் குளம் அமைத்து, அல்லி வளர்த்து, ஜப்பானிய முறையில் ஒரு பாலமும் இட்டார். 1899-ல் அப்பாலத்தையும் குளத்தையும் பன்முறை எழுதினார். அவற்றில் மலர் கொய்வார் ஒருவருமிலர். நீரின்மேல் ஒளி செய்யும் வேறுபாடே அவர் நாடியது. கொய்யாது கண்டு மகிழ்தலும் உண்டென்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், உலகப்பொருள் யாவும் மாயேயமாகலின் அவற்றிற் களித்தல் பந்தமன்றோ எனின், அற்றன்று. மாயையும் பாசமேயாயினும், ஆணவம்போல முற்றும் மறைப்பதன்று. இருளில் விளக்குப்போல உயிரின் அறிவைச் சிறிது விளக்குவது என்பது சித்தாந்தத் துணிபு. தனு கரண புவன போகங்களை இறைவன் உதவியதும் இப்பயன் கருதியே. விளக்கொளியிற் கண்ட பொருளை 'எனது' எனப் பற்றும் செருக்கே உயிரை மேன்மேலும் பிணிப்பது.

சமணர் உலகிற்குக் கருத்தா ஒருவனுளன் எனக் கொள்ளார். அதுபற்றி அவரொடு நமக்குள்ள மாறுபாடு தீர்ந்திலது. எனினும், கொய்த மலரைத் தமக்கென வையாது வழிபாட்டிற்கு ஆக்கும் அவ்வோவியத்தார் செயல் நமக்கும் உடன்பாடே. பிற சமயத்தார் கோயிலின்கண் உள்ளதென்று அதனை இகழ்தலும் ஒருவகைச் செருக்கேயாம். ஆதலின், அழகினைக் கண்டு 'இஃது எனக்கு' என்பார்க்கு அது தளை; 'இதனை உதவினான் யாவன்' என்று உள்ளங் கசிவார்க்கு அதுவே நெறியாமென்க.