வாடகைக்கு ஒரு வீடு

ஆதரவற்ற பெண்ணுக்கு உதவ முன்வருவோர், எதைக் கொடுத்தால் தம் கடமை முடிந்தது என்று கொள்ளலாம்? அறப்பணியில் ஈடுபடுவோரிடையே இந்தக் கேள்வி அரிதாகவே எழுகிறது. சோறும் துணியும் ஒதுங்க ஓரிடமும் தந்தால் போதும் என்ற எண்ணம், கேள்வி எழுவதற்கு முன்பே விடையாக வந்து அமர்ந்துவிடுகிறது. வீடற்று, மனநோயுற்றுத் தெருவில் அலையும் பெண்களுக்காக 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பின் வரலாறு, அந்த விடையை அதன் பணியாளர்களே சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்ட வரலாறு என்பதால் அது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

தொடங்கியபோது இருவருக்கும் இருபது வயதைச் சற்றே கடந்த பருவம். தெருவில் துன்புற்ற ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு உரிய இடம் தேடியும் கிடைக்காத அனுபவம் அவர்களைத் தாமே ஓர் இல்லம் தொடங்கும் முடிவுக்குக் கொண்டு சென்றது. பின்னாளில் முகப்பேரில் எழுந்த அவர்களது ‘அடைக்கலம்’ விடுதி இருக்கும் பகுதி, 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருவள்ளூர் மாவட்டத்தோடான இந்தத் தொடர்பு வெறும் எல்லைக்கணக்கு அன்று. அரக்கோணம் வழியாக மேற்கே செல்லும் இருப்புப்பாதையும், கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையும் இம்மாவட்டத்தை ஊடுருவிச் செல்கின்றன; கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசா, பீகார், வங்காளம் என வடபுலத்துத் தொழிலாளர் வந்து சேர்வதும் இவ்வழிகளில்தான். பிழைப்புக்காக வருவோரைச் சுமந்து வரும் அதே முன்பதிவில்லாப் பெட்டி, எங்கே ஏறினோம் என்பதையே மறந்துவிட்ட ஒரு பெண்ணையும், அவர் மொழி அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது.

அப்படிக் கண்டெடுக்கப்படும் பெண் பதிவேட்டில் முதலில் பெயர் தெரியாதவராகவே இடம்பெறுகிறார். சடைபிடித்த முடியை நீக்குவது, பேன் எடுப்பது, புழுவைத்த புண்ணைக் கழுவிக் கட்டுவது, அஞ்சி ஒடுங்குபவருக்கு அருகிலிருந்து உணவு ஊட்டுவது ஆகிய அனைத்தும் மருத்துவர் மருந்து எழுதும் முன்பே தொடங்கிவிடும் வேலைகள்; அவற்றைச் செய்யும் பராமரிப்புப் பணியாளர்களின் பெயர்கள் விருது மேடைகளில் ஒலிப்பதில்லை. அமைப்பைத் தோற்றுவித்தோர் போற்றுதலுக்கு உரியவர்களே. ஆயினும் அதன் பின்னால் நிற்பவர்கள் யார் என்று கேட்டால், முதல் விடை இந்தப் பணியாளர்களே என்பதில் ஐயமில்லை. பின்னர், கண்டெடுக்கப்பட்ட பெண் உதிர்க்கும் ஓர் ஊர்ப்பெயர், பேச்சுவழக்கு, கோயில் அல்லது ஆற்றின் பெயர் ஆகியவற்றைத் துப்பாகக் கொண்டு சமூகப்பணியாளர்கள் குடும்பத்தைத் தேடுகிறார்கள். கண்டுபிடித்தால், துணைக்குச் சென்று ஊரில் விட்டுவருகிறார்கள்.

குடும்பம் கிடைக்காதவர்களும், கிடைத்தும் ஏற்கப்படாதவர்களும், திரும்பிச் செல்லத் தாமே விரும்பாதவர்களும் எஞ்சினார்கள். நோய் தணிந்த பின்னும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்க நேர்ந்தபோது, அன்போடு நடத்தப்படும் விடுதியும் மதிலுக்குள் அடங்கிய வாழ்க்கையே அல்லவா என்ற கேள்வியைப் பணியாளர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்ட கொடுமையோடு எந்த நல்ல விடுதியையும் ஒப்பிட முடியாது. எனினும் எப்போது உண்பது, யாரோடு அறையில் தங்குவது, எப்போது வெளியே போவது என்பவற்றைப் பிறரே தீர்மானிக்கும் இடத்தை வீடு என்று சொல்ல மனம் ஒப்புவதில்லை. இத்தாலி 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மனநோய் மருத்துவமனைகளை மூடத் தொடங்கியதும் இதே சிந்தனையின் விளைவுதான்.

பான்யன் 2015இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டம், பணியாளர்களின் அந்தக் கேள்விக்கான விடை. தமக்குள் ஒத்துப்போகும் நான்கைந்து பெண்கள், சாதாரணத் தெருவொன்றில் ஒரு வீட்டில் ஒரு குடும்பம்போல் சேர்ந்து வாழ்கிறார்கள். தேவைக்கேற்ப உதவ, துணைப்பணியாளர் ஒருவர் உடனிருக்கிறார். காய்கறி வாங்குவதும், குழம்பில் காரம் எவ்வளவு என்று வாதிடுவதும், அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகுவதும், விருப்பமானால் வேலைக்குச் செல்வதும் அவர்களது உரிமை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில் இத்திட்டத்தை சிறந்த நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. குடும்பம் இல்லை என்பதையே காரணமாக்கி ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது.

கைக்குழந்தையோடு அலையும் தாயின் நிலை இன்னும் கடினமானது. தாய் மனநலச் சட்டத்தின் கீழ் மருத்துவமனைக்கும், பிள்ளை சிறார் நீதிச் சட்டத்தின் கீழ்க் குழந்தைகள் நலக்குழுவிடமும் செல்ல, இரு சட்டங்களும் தத்தம் கடமையைச் செய்துமுடிக்கும்போது தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் இழந்துவிடக்கூடும். குழந்தையின் பாதுகாப்பு முதன்மையானதுதான். ஆனால் குணமடையக்கூடிய தாயிடமிருந்து பிள்ளையை நிரந்தரமாகப் பிரிப்பதற்கு முன், இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க இயலுமா என்று முயன்று பார்க்காத நிர்வாகம் தன் கடமையைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது.

‘ஹோம் அகெய்ன்’ போன்ற வீடுகளுக்கு மருந்தோ பணியாளரோ மட்டும் போதாது. வாடகைக்கு விட ஒருவர் மனம்வைக்க வேண்டும், எதிர்வீட்டார் முகம்சுளிக்காதிருக்க வேண்டும். வந்தவர் மனநோயிலிருந்து மீண்டவர் என்று தெரிந்தவுடன் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடும் மனநிலை மாறாதவரை, எந்த அறநிறுவனத்தின் உழைப்பும் வாசற்படியோடு நின்றுவிடும். மனநோயுற்றுத் தெருவில் அலைபவரைக் கண்டால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். அவரைப் பாதுகாத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், லாக்கப்பில் அடைக்காதிருப்பதும், குடும்பத்தைத் தேடுவதும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி காவல்துறையின் கடமை. சட்டத்தால் தர இயலாத வீட்டைத் தர, திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலை வேலைக்கு வருவோரை நம்பி அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டுவரும் வீட்டுக்காரர்கள், அவற்றுள் ஒன்றை இப்பெண்களுக்கும் தர முன்வர வேண்டும்.